ஆளைத் தேட எந்தப் பதிவேடு? வாக்காளர் பட்டியல், வில்லங்கச் சான்று, ஞானஸ்நானப் புத்தகம்: குமரி மாவட்டத்துக்கான ஓர் ஒப்பீடு

பூர்வீகப் புரையிடத்தை (வீட்டு மனையை) விற்க வேண்டும். பெரிய அத்தையின் கையெழுத்து இல்லாமல் முன்பணம் தரமாட்டேன் என்கிறார் வாங்குபவர். அத்தை கல்யாணமாகிப் போன இடமோ வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பழைய ஆவணங்களை வாசித்துச் சொல்வது எனக்கு நெடுநாள் பழக்கம் என்பதால், இப்படிப்பட்ட கதையோடு வருடத்துக்கு ஐந்தாறு பேராவது வந்துவிடுகிறார்கள். சிலருக்குச் சொத்துப் பிரச்சினை. சிலருக்குச் சாவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. ஆனால் கேட்பது ஒன்றுதான்: வாக்காளர் பட்டியலைப் பார்ப்பதா, நில ஆவணத்தைப் பார்ப்பதா, கோயில் கணக்கைப் பார்ப்பதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்ணைத் தேடினால் வழிபாட்டுத் தலத்தின் புத்தகத்தில் தொடங்குங்கள். சொத்துக்காகத் தேடினால் வில்லங்கச் சான்றில் தொடங்குங்கள். கடந்த இருபது வருடத்துக்குள் தொடர்பு விட்டுப்போன ஆணைத் தேடினால் வாக்காளர் பட்டியலே பெரும்பாலும் போதும். ஏன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே. நேற்றுவரை வீட்டில் இருந்தவரைக் காணவில்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. உடனே 112-ஐ அழையுங்கள், பக்கத்துக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். குழந்தை என்றால் 1098.

## எதை வைத்து முடிவு செய்வது

எந்தக் காலத்து ஆள்? நம் மாவட்டத்தில் இதுதான் முதல் கேள்வி. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு முந்தைய அரசு ஆவணங்களில் பெரும்பகுதி மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கும். சிங்கம் முதல் தனு வரையிலான (நம் ஆவணி முதல் மார்கழி) மாதம் என்றால் கொல்லம் ஆண்டோடு 824, மகரம் (தை) பிறந்த பிறகு 825 கூட்டிக்கொள்ளுங்கள். 1115 மகரம் என்று போட்டிருந்தால் அது 1940 ஜனவரி நடுவில் தொடங்கும் மாதம். இந்த ஒரு வருடத்து வித்தியாசத்தைக் கவனிக்காமல் தவறான புத்தகத்தைப் புரட்டியவர்கள் பலர்.

ஆணா, பெண்ணா? அரசுப் பதிவுகளில் கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரோடும், பின் கணவர் பெயரோடும் வருகிறவர் பெண். கணவர் பெயர் தெரியாவிட்டால் பாதி வழிகள் அடைபட்டுவிடும்.

கையில் என்ன துப்பு இருக்கிறது? பெயர் மட்டும் என்றால் கஷ்டம். வீட்டுப்பெயர், விளையின் (தோப்பு நிலத்தின்) பெயர், சர்வே எண், பங்கு (கத்தோலிக்க ஆலய வட்டாரம்) அல்லது சபையின் பெயர், இவற்றில் ஒன்று கூடவே இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

அலுவலகத்தில் காட்ட முடியுமா? பாசத்துக்காகத் தேடினால் வாய்மொழியே போதும். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை என்றால் முத்திரை வைத்த தாள் வேண்டும்.

தேடப்படுபவருக்கு இதில் சம்மதம் இருக்குமா? இதை யாரும் கேட்பதில்லை. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

| வழி | எதற்கு நல்லது | பெண்ணைப் பிடிக்குமா | செலவு, அலைச்சல் | அலுவலகத்தில் செல்லுமா |
|---|---|---|---|---|
| வாக்காளர் பட்டியல் | 2002-க்குப் பிறகு இங்கே வாழ்ந்தவர் | சகோதரன் வழியாக | பணச் செலவில்லை, நேரம் போகும் | துணை ஆதாரமாக |
| பட்டா, வில்லங்கச் சான்று | நிலம் வைத்திருந்தவர், விற்றவர் | சொத்தில் கையெழுத்திட்டிருந்தால் | கட்டணம், சர்வே எண் தேடும் பாடு | செல்லும் |
| ஞானஸ்நானப் புத்தகம், ஜமாஅத் பதிவு, கோயில் வரிக் கணக்கு | பழைய தலைமுறை, பெண்கள் | நன்றாக | நேரில் போக வேண்டும் | ஓரளவு |
| பிறப்பு, இறப்புப் பதிவு | உயிரோடு இருக்கிறாரா என்று அறிய | இடமும் வருடமும் தெரிந்தால் | சிறு கட்டணம் | முழுமையாக |
| போன், சமூக ஊடகம் | 50 வயதுக்குக் கீழே உள்ளவர் | சந்தேகம் | மறைமுகச் செலவு அதிகம் | செல்லாது |

## வாக்காளர் பட்டியல்

எவரும் பார்க்கலாம், வீட்டிலிருந்தே பார்க்கலாம். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம் ஆகியவை தெருவாரியாக இருக்கும். இன்னொரு வசதியும் இப்போது சேர்ந்திருக்கிறது. வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தப் பணிக்காக 2002, 2005-ஆம் ஆண்டுப் பட்டியல்களையும் இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். தேடுகிறவர்களுக்கு இந்தப் பழைய பட்டியல்தான் பொக்கிஷம். கல்யாணமாகிப் போவதற்கு முந்தைய அக்கா, தங்கைமார், துபாய்க்குப் போவதற்கு முந்தைய அண்ணன்மார் எல்லோரும் ஒரே வீட்டு எண்ணின் கீழ் வரிசையாக இருப்பார்கள்.

அதைப் பயன்படுத்தும் விதம் இப்படி. தேடுவது பெண்ணை என்றால் அவரைத் தேடாதீர்கள். பழைய பட்டியலில் அவர் வீட்டிலிருந்த ஆண்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, இப்போதைய பட்டியலில் அவர்களைத் தேடுங்கள். அண்ணன் தம்பிமாரில் ஒருவராவது ஊரில் நிற்பார். அவருக்குத் தங்கையின் போன் நம்பர் தெரியாமல் இருக்காது.

சிக்கல்களும் உண்டு. பழைய பட்டியல் அந்தக் காலத்துத் தொகுதிக் கணக்கில் இருக்கிறது. அப்போது நம் மாவட்டத்தில் ஏழு தொகுதிகள். 2008 மறுசீரமைப்பில் திருவட்டாறு தொகுதி இல்லாமல் போய், கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் என ஆறு நின்றன. குலசேகரம் பக்கத்து ஆளை இன்றைய தொகுதியை வைத்துப் பழைய பட்டியலில் தேடினால் கிடைக்கமாட்டார்.

அடுத்தது எழுத்து. நம் ஊரில் ஒரே பெயரை எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தோணி, ஆன்றணி, ஆன்றனி. ஜான், ஜாண், யோவான். சூசை, ஜோசப். ராணி, றாணி. மலையாள வாடையோடு எழுதிப் பழகிய ஆசிரியர் பள்ளியில் சேர்த்த பெயர் ஒன்று, பட்டியலில் ஏற்றியவர் எழுதிய பெயர் இன்னொன்று. இணையத் தேடலில் ஓர் எழுத்து மாறினாலும் ஆள் இல்லை என்றே வரும். பெயரைப் போட்டுத் தேடுவதை விட்டுவிட்டு, அந்த ஊரின் பாகத்தை (ஒரு வாக்குச்சாவடிக்கான பட்டியலை) தரவிறக்கிப் பக்கம் பக்கமாக வாசியுங்கள். ஒரு பாகத்தில் சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் பெயர்கள்தான், ஒரு மாலை வேலை.

## பட்டாவும் வில்லங்கச் சான்றும்

இரண்டையும் சேர்த்தே பேசுகிறார்கள். ஆள் தேடுவதற்கு இரண்டும் ஒன்றல்ல. பட்டாவில் இருப்பது பல நேரம் தாத்தாவின் பெயர். தாத்தா இறந்து முப்பது வருடமாகியும் பெயர் மாற்றியிருக்க மாட்டார்கள். ஆகவே பட்டா சொல்வது நிலத்தின் கதை, ஆளின் கதை அல்ல.

வில்லங்கச் சான்று அப்படியில்லை. அந்த நிலத்தின் மேல் நடந்த ஒவ்வொரு பதிவுக்கும் எழுதிக் கொடுத்தவர் யார், எழுதி வாங்கியவர் யார், ஆவண எண் என்ன என்று தேதியோடு வரும். அந்த எண்ணை வைத்துச் சான்றிட்ட நகல் வாங்கினால் அவரவர் அப்பா பெயர், முகவரி எல்லாம் கிடைக்கும். வெளிநாட்டில் இருக்கிறவர் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்திருந்தால், யாருக்குக் கொடுத்தார் என்பது தெரியும். அந்த ஆள் பெரும்பாலும் உள்ளூரில்தான் இருப்பார், அவர் மூலம் போகலாம். அத்தை தன் பங்கை விட்டுக்கொடுத்து ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால், இன்னாரின் மனைவி, இன்ன ஊர் என்று அன்றைய விலாசமே இருக்கும்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் அத்தைமாரைத் தேடும் அவசியம் கூடியதற்கு ஒரு காரணம் உண்டு. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் மகள்களுக்கு ஸ்திரீதனம் என்று சிறு பங்கை ஒதுக்கி நிறுத்தியிருந்தது. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951-லேயே காலாவதியாகிவிட்டது, மகளுக்கும் சமபங்கு உண்டு என்று சொன்னது. அதற்குப் பின் விவரமறிந்த வாங்குபவர் யாரும் பெண்மக்களின் கையெழுத்தைக் கேட்காமல் விடுவதில்லை. கேட்பதுதான் நியாயமும்.

நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் குடும்பத்து ஆவணம் என்றால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1926-இல் சட்டம் மாறும்வரை அங்கே மருமக்கள்வழி, அதாவது தாய்வழியில் மாமனிடமிருந்து மருமக்களுக்குச் சொத்து போகும் முறை. அதற்கு முந்தைய பத்திரத்தில் அப்பா பெயரைத் தேடி அலைவதில் பயனில்லை. மாமன் பெயரைப் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவு என்ன? முதலில் சர்வே எண். நம்மிடம் பழைய சர்வே எண் ஒன்று, மறுபடி அளந்தபோது கொடுத்த ரீசர்வே எண் ஒன்று என்று இரண்டு இருக்கும். பழைய எண்ணைப் போட்டால் வெறும் தாள் வரும், கட்டணமும் போகும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எண்ணைச் சரிபார்த்துக்கொண்ட பிறகே விண்ணப்பியுங்கள். 1975-க்கு முந்தைய பதிவுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டிவரலாம். மலையாளப் பத்திரம் கிடைத்தால் அதை வாசிக்க ஆள் வேண்டும். பழைய கையெழுத்து மலையாளம் இப்போது கேரளத்தில் படித்த பிள்ளைகளுக்கே தடுமாறும். எழுபது வயதைத் தாண்டிய ஆவண எழுத்தர் யாரையாவது பிடியுங்கள்.

நிலமே இல்லாத குடும்பத்துக்கு இந்த வழி எதுவும் தராது. கடற்கரை ஊர்களில் இதை வைத்துக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

## கோயில், பள்ளிவாசல், ஆலயப் புத்தகங்கள்

இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். இதற்கு என் வீட்டிலேயே சாட்சி உண்டு.

என் அம்மாவின் சின்னம்மா 1950-களில் கல்யாணமாகிப் போனவர். நெய்யாற்றின்கரைப் பக்கம் என்பது மட்டும்தான் வீட்டில் பேச்சு. எல்லை பிரிந்து, நடுவில் இருந்தவர்கள் இறந்து, தொடர்பு அறுந்துவிட்டது. வாக்காளர் பட்டியலில் அவர் வர வழியே இல்லை, அவர் பெயர் இருந்தால் அது கேரளப் பட்டியலில் இருக்கும். கணவர் பெயரும் தெரியாது. இணையத்தில் ஆள் தேடித் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துக்கு 499 ரூபாய் கட்டினேன். அதே பெயருள்ள, முப்பது வயதுப் பெண் ஒருவரின் போன் நம்பரை அனுப்பினார்கள். அந்தப் பிள்ளையின் நம்பர் இப்படிக் காசுக்குக் கைமாறியதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை. அந்த நம்பரை அழிப்பதைத் தவிர நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

கடைசியில் தக்கலைக்கு மேற்கே, அவர் பிறந்த பங்கின் ஆலயத்துக்குப் போனேன். பங்குத்தந்தை என் அடையாளத்தைக் கேட்டார், அம்மாவின் ஞானஸ்நானச் சான்றைப் பார்த்தார், பிறகு இரும்புப் பெட்டியிலிருந்து பழைய புத்தகத்தை எடுத்து வந்தார். சின்னம்மாவின் பெயருக்கு நேராக ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி: திருமணம் நடந்த தேதி, ஆலயத்தின் பெயர், கணவரின் பெயர். கத்தோலிக்கச் சட்டப்படி, ஒருவர் எந்த ஊரில் மணம் முடித்தாலும் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் வந்து, அந்தப் பதிவின் ஓரத்தில் எழுதப்பட வேண்டும். அரசு ஆவணம் எதிலும் இல்லாத வசதி இது. ஒரு பெண் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனார் என்பதை ஒரே வரி காட்டிவிடுகிறது.

குமரியின் கத்தோலிக்கப் பங்குகளில் மேற்குப் பகுதியில் உள்ளவை 2014-இல் கோட்டாறு மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து குழித்துறை மறைமாவட்டமாயின. கோட்டாறே 1930-இல் கொல்லத்திலிருந்து பிரிந்ததுதான். புத்தகம் பெரும்பாலும் பங்கிலேயே இருக்கும் என்பதால் முதலில் பங்குக்குத்தான் போக வேண்டும். பெரிய பங்கிலிருந்து சிறு பங்குகள் பிரிந்திருந்தால் பழைய புத்தகம் தாய்ப் பங்கில் இருக்கும். பெயர் லத்தீன் வடிவில் எழுதப்பட்டிருக்கலாம், மிரள வேண்டாம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று தனித்தனிப் பதிவுகள் உண்டு. ஆனால் எனக்குத் தெரிந்தவரை ஓரக் குறிப்பை நம்பிப் போக முடியாது. அங்கே கல்யாணப் பதிவையும் கல்லறைத் தோட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவு. மாப்பிள்ளையின் சொந்த ஜமாஅத்திலிருந்து கடிதம் வாங்கிய பிறகே கல்யாணம் நடத்துவது வழக்கம் என்பதால், அவர் எந்த ஊர்க்காரர் என்பது பதிவில் இருக்கும். திருவிதாங்கோடு, தக்கலை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் தேடுகிறவர்கள் ஜமாஅத் செயலாளரைப் பாருங்கள்.

இந்துக் குடும்பங்களுக்கு அப்படியொரு புத்தகம் இல்லையே என்பார்கள். இருக்கிறது, அதன் பெயர் கொடை வரிக் கணக்கு. குடும்பக் கோயிலில் கொடை என்ற திருவிழா நடத்த ஒவ்வொரு தலைக்கட்டும் (குடும்பமும்) வரி கொடுக்கும். சென்னையில் இருந்தாலும், மும்பையில் இருந்தாலும் வரி வந்துவிடும். வரி வாங்குகிறவரின் நோட்டில் போன் நம்பரோடு பெயர் இருக்கும். வரிசை வருடக்கணக்கில் தொடர்ந்து வருவதால், யார் எப்போது எங்கே போனார் என்பதை அவரே வாயால் சொல்லிவிடுவார். கொடை நாளில் போனால் ஆளே நேரில் கிடைக்கலாம். வரி ஆண் தலைக்கட்டின் பெயரில்தான் இருக்கும். ஆனால் பெண்மக்கள் பொங்கல் வைக்க வருவார்கள்.

இந்த வழியின் செலவு பணமல்ல, நடை. ஒரே நாளில் முடியாது. ஞாயிற்றுக்கிழமை போனால் பங்குத்தந்தைக்கும் போதகருக்கும் நேரம் இருக்காது. வார நாளில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு, நீங்கள் யார் என்று காட்டும் தாளோடு போங்கள். புத்தகத்தைப் போட்டோ எடுக்க விடவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். அதே பக்கத்தில் இன்னும் பத்துக் குடும்பங்களின் விவரம் இருக்கிறது.

## பிறப்பு, இறப்புப் பதிவு

உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள இதைவிட உறுதியானது இல்லை. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாளரிடம் தேடச் சொல்லிக் கட்டணம் கட்டிப் பதிவின் நகலைக் கேட்கலாம். இறப்புக்கான காரணம் மட்டும் நகலில் வராது.

இதில் பலரும் தவறவிடுவது இடத்தை. சம்பவம் நடந்த இடத்தில்தான் பதிவு, குடியிருந்த ஊரில் அல்ல. நம் ஆட்கள் முடியாமல் போனால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குத்தான் ஓடுவார்கள். அங்கே இறந்தவரின் பதிவு திருவனந்தபுரத்தில் இருக்கும். விளவங்கோட்டில் பத்து முறை தேடினாலும் வராது. பிறப்பும் அப்படியே, எந்த ஆஸ்பத்திரி என்று வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள்.

## போன் புத்தகமும் சமூக ஊடகமும்

பழைய டெலிபோன் டைரக்டரி யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். 04652 நாகர்கோவில், 04651 குழித்துறை. நம்பர் செத்திருக்கும், ஆனால் வீட்டுப்பெயரும் ஊரும் அன்றைய நிலையில் அச்சில் இருக்கும்.

பேஸ்புக்கில் பள்ளித் தோழர்களைத் தேடுவது சரி. ஒருவரின் படத்தைப் போட்டு ‘இவரைத் தெரியுமா, பகிருங்கள்’ என்று எழுதுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். கிடைத்த பிறகு உங்களால் அந்தப் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. கடன், குடும்பச் சண்டை, நோய் என்று அவர் ஒதுங்கி வாழ ஆயிரம் காரணம் இருக்கலாம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் என்ன என்று சிலர் நினைக்கிறார்கள். அடுத்தவரின் சொந்த விவரத்தை அந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு காட்டி மறுத்துவிடுவார்கள். பத்து ரூபாயும் ஒரு மாதமும் போகும்.

## கண்டுபிடித்த பிறகு

வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு போன பிள்ளையைத் தேடி என்னிடம் வந்தவர்கள் உண்டு. நான் எந்தப் புத்தகத்தையும் காட்டிக்கொடுத்ததில்லை. அந்தப் பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்டது அது. நீங்கள் யாருக்காவது தேடிக் கொடுப்பதாக இருந்தால் இதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மற்றபடி, விலாசம் கிடைத்ததும் வண்டி எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்க வேண்டாம். கடிதம் எழுதுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் போட்டால் சேர்ந்ததா, விலாசதாரர் இல்லையென்று திரும்பியதா என்பது தெரிந்துவிடும். அந்த ஊர்ப் பங்குத்தந்தையோ ஜமாஅத் செயலாளரோ கோயில் பொறுப்பாளரோ கையில் கொடுப்பதாகச் சொன்னால் இன்னும் நல்லது. நீங்கள் யார், எந்த வழியில் சொந்தம், எந்த நம்பரில் அழைக்கலாம், இவ்வளவு போதும். நிலத்துக்காகத் தேடியிருந்தால் அதையும் ஒரே வரியில் நேராகச் சொல்லிவிடுங்கள். பாசம் என்று எழுதிவிட்டு இரண்டாம் சந்திப்பில் பத்திரத்தை நீட்டினால் மூன்றாம் சந்திப்பு இருக்காது.

சின்னம்மாவின் பெயருக்கு நான் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வர மூன்று வாரம் ஆனது. எழுதியது அவருடைய மகன், மலையாளத்தில். சின்னம்மா 2009-லேயே இறந்துவிட்டாராம். அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டினேன். அவர்கள் வீட்டுக்கு இப்போது வருடத்துக்கு ஒருமுறை போகிறோம்.

உங்களுக்கு ஒரு மாதத்துக்குள் பதில் வரவில்லை என்றால் இன்னும் ஒரு கடிதம் போடுங்கள். அதற்கும் வராவிட்டால், சொத்து விஷயம் என்றால் வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பலாம். பார்க்க வேண்டும் என்ற ஆசைக்காகத் தேடியது என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் நம்பர் அவர் கையில் இருக்கிறது.